தகசுத்தோல் எந்த மிருகத்தின் தோல்?

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு, மோசேயின் நாளில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பலகைகள், திரைகள் எல்லாம் முடிந்து, எல்லாவற்றுக்கும் மேலே போடும் தகசுத்தோலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஓர் ஆங்கில வேதாகமம் பேட்ஜர் என்கிறது, இன்னொன்று கடற்பசு, மற்றொன்று வெள்ளாடு. உங்கள் போதகரோ, "வெளியே பார்வைக்கு அழகில்லாத கறுத்த தோல், உள்ளே பொன், கிறிஸ்துவும் அப்படித்தான்" என்று பிரசங்கித்திருக்கிறார். தகசு என்பது உண்மையில் என்ன மிருகம் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, சகோதரி. தகசு ஒரு மிருகம்தானா என்பது ஒன்று. அந்தத் தோல் அழகற்றதா என்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் துணிந்து பதில் சொல்லலாம். முதலாவதற்கு என் சாய்வைச் சொல்லி, காரணங்களையும் வைக்கிறேன். எடைபோடுவது உங்கள் பாடு.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எபிரேய, அரமேயப் பகுதிகளை மூலத்தில் வாசித்துத்தான் பேசுகிறேன். பழங்கால அசீரிய, பாபிலோனிய மொழியான அக்காடியமும், எகிப்திய மொழியும் எனக்கு அகராதி வழிப் பழக்கம். களிமண் பலகையில் இருக்கும் ஆப்பெழுத்தை நேரில் வாசிக்கும் பயிற்சி கிடையாது. அந்தப் பக்கம் நான் சொல்வதெல்லாம் அந்தத் துறையினர் சொன்னதை நம்பிச் சொல்வது.

எபிரேயத்தில் சொல் "தஹஷ்". நடுவில் வரும் ஹகரம் தொண்டையிலிருந்து அழுத்தி எழும் ஒலி. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்குக் ககரம் போட்டுத் தகசு ஆக்கினார்கள். பழைய ஏற்பாட்டில் இது மொத்தம் 14 இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் 6, எண்ணாகமத்தின் 4ஆம் அதிகாரத்தில் மட்டும் 7, எசேக்கியேல் 16:10இல் 1. ஓர் ஆளின் பெயராக வரும் இடம் இந்தக் கணக்கில் சேராது. இந்த 14 இடங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எங்குமே தகசு உயிரோடு இல்லை. மேயவில்லை, ஓடவில்லை, நீந்தவில்லை, குட்டி போடவில்லை, யாரும் அதை வேட்டையாடவில்லை. சுத்தமான, அசுத்தமான மிருகங்களை வரிசையாகச் சொல்லும் லேவியராகமம் 11லும் உபாகமம் 14லும் அதன் பெயரே கிடையாது. 13 இடங்களில் காணிக்கைப் பொருளாகவோ மூடியாகவோ சுற்றிக் கட்டும் உறையாகவோ வருகிறது. ஓர் இடத்தில் செருப்பாக வருகிறது. இவ்வளவும் சந்தேகமில்லாத பகுதி.

இதை வேறொரு சொல்லோடு ஒப்பிட்டால் சிக்கல் புரியும். யோபு 39:9இல் நம் பழைய திருப்புதல் "காண்டாமிருகம்" என்று சொல்லும் இடத்தில் எபிரேயச் சொல் "ரேஏம்". ஒரு காலத்தில் அதுவும் புதிராகத்தான் இருந்தது. ஆனால் அந்த விலங்கு வேதத்தில் உயிரோடு நடமாடுகிறது. அதற்குக் கொம்புகள் உண்டு, அதை ஏரில் பூட்டமுடியாது, தொழுவத்தில் அது தங்காது. அசீரிய அரசர்கள் "ரீமு" என்ற காட்டுமாட்டை வேட்டையாடியதாகப் பெருமையடித்துக்கொண்ட கல்வெட்டுகள் வாசிக்கப்பட்டபோது, இரண்டும் ஒன்றே என்பது விளங்கிவிட்டது. அழிந்துபோன காட்டெருது அது. தகசுவுக்கு இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூட நமக்கு வைக்கப்படவில்லை.

மிகப் பழைய வாசகர்கள் இந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மோசேயின் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், "ஹியாகிந்த் நிறத் தோல்கள்" என்று எழுதினார்கள். நீலமும் ஊதாவும் கலந்த நிறம் அது. மிருகத்தின் பெயர் இல்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, கூடாரத்தின் தோல் மூடிகளைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவை வானத்தின் நிறத்திலிருந்து வேறுபடவே இல்லை என்று எழுதுகிறார். கி.பி. 400 வாக்கில் லத்தீனில் பெயர்த்த எரோனிமுவும் "ஊதாநிறத் தோல்கள்" என்றே போட்டார். ஆக, நமக்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சிகள் எல்லாம் நிறத்தின் பக்கம் நிற்கின்றன. இதை வைத்து வழக்கு முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. யாத்திராகமம் 25:5இல் தகசு வருவதற்கு முந்தின வசனத்தில் இளநீல நூலுக்கும் கிரேக்கத்தில் அதே ஹியாகிந்த் என்ற சொல்தான் வருகிறது. பொருள் தெரியாத மொழிபெயர்ப்பாளர் பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஊகித்திருக்கலாம் என்று வாதாட இடமுண்டு.

மிருகம் எங்கே உள்ளே நுழைந்தது என்று தேடினால், யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் சப்பாத் பகுதியின் 28ஆம் தாளுக்கு வருவோம். அங்கே ரபி மேயீரின் பெயரால் ஒரு செய்தி. மோசேயின் நாளில் இருந்த தஹஷ் தனித்த ஒரு பிராணி. அது காட்டு விலங்கா வீட்டு விலங்கா என்று அறிஞர்களால் முடிவுசெய்ய முடியவில்லை. அதன் நெற்றியில் ஒரே கொம்பு. அந்தச் சமயத்துக்கு மோசேக்குக் கிடைத்தது, பிறகு மறைத்துவைக்கப்பட்டது. கொம்பு இருந்ததால் அது சுத்தமான மிருகமாக இருக்கவேண்டும் என்றுகூட அங்கே ஒரு வாதம் நடக்கிறது. அதே தாளில்தான் சுவையான இன்னொன்றும் வருகிறது. ஐந்தாகமங்களின் அரமேய மொழிபெயர்ப்பில் தஹஷுக்கு "சஸ்கோனா" என்று இருக்கும். அரமேயத்தில் "கவ்னா" என்றால் நிறம். சஸ்கோனா என்பதே ஒரு நிறப்பெயராகவோ சாயப்பெயராகவோ இருந்திருக்கக்கூடும். ஆனால் ரவ் யோசேப் என்ற அறிஞர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, "தன் பல நிறங்களைக் கண்டு தானே மகிழும் பிராணி" என்று விளக்கம் சொன்னார். நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட ஓர் உயிர் வேண்டுமே, அது வந்துவிட்டது! பிற்காலத்தில் ராஷி என்ற யூத உரையாசிரியர் இந்த விளக்கத்தையே எடுத்து எழுதியதால் யூத மரபில் பலநிற மிருகம் நிலைபெற்றது. ஆனால் எருசலேம் தல்மூது, ரபி யூதா தஹஷைச் சாயத்தின் பெயராகவே எடுத்துக்கொண்டதைப் பதிவுசெய்திருக்கிறது. யூத அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது.

பேட்ஜர் கதை சீக்கிரம் முடிந்துவிடும். தமிழில் வளைக்கரடி என்கிறார்களே, அதுதான். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் "டாக்ஸ்". லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் தஹஷை டாக்ஸ் தோல் ஆக்கினார். 1611இன் கிங் ஜேம்ஸ் திருப்புதலும் அதே மிருகத்தைப் போட்டது. தஹஷ், டாக்ஸ் என்ற ஒலி ஒற்றுமைதான் காரணம் என்பது பரவலான கருத்து. அது லூத்தரின் மனதுக்குள் நடந்த விஷயம், அதனால் "பெரும்பாலும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எபிரேயத்துக்குள்ளோ மற்றச் செமித்திய மொழிகளுக்குள்ளோ பேட்ஜருக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதில் சந்தேகம் வேண்டாம். ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். யாத்திராகமம் 26இன்படி வெள்ளாட்டுமயிர் மூடி, முப்பது முழ நீளமும் நாலு முழ அகலமும் உள்ள பதினொரு விரிப்புகள். முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 267 சதுர மீட்டர். தகசு மூடியின் அளவு சொல்லப்படவில்லை. அதற்கு மேலே போடுவது என்பதால் அதே பரப்பு என்று எடுத்துக்கொள்வோம். வளைக்கரடித் தோல் ஒன்று அரை சதுர மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஐந்நூறுக்கு மேல் வேண்டும். இரவில் வளையைவிட்டு வெளியே வரும் ஒரு பிராணி அது. சீனாய் வனாந்தரத்தில் யார் பிடித்துக் கொண்டுவந்திருப்பார்கள்? யாத்திராகமம் 35:23 வாசித்தால், தகசுத்தோல் ஏற்கனவே ஜனங்களில் சிலருடைய கையில் இருந்ததாகவும் அதை அவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்ததாகவும் தெரிகிறது.

கடற்பசுக் கட்சிக்கு இதைவிடப் பலம் அதிகம். அரபியில் "துகஸ்" என்ற சொல் உண்டு. பழைய அரபு அகராதிகள் அதற்கு டால்ஃபின் என்று பொருள் சொல்கின்றன. எபிரேய ஷகரத்துக்கு எதிரே அரபியில் சகரம் வருவது ஒழுங்கான மாற்றம்தான், ஆகவே ஒலியில் குறையில்லை. செங்கடலில் டால்ஃபினும் உண்டு, கடற்பசுவும் உண்டு. நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அதே பிராணிதான். 2022இல் தமிழக அரசு அதற்காக 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது நினைவிருக்கலாம். வளர்ந்த ஆவுளியா மூன்று மீட்டர் நீளம் வரும், தோல் தடிமன். செங்கடலோர பெதுயீன் மக்கள் அந்தத் தோலில் செருப்புத் தைத்ததை 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ரூப்பெல் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் செங்கடல் கடற்பசுவுக்கு "ஹாலிகோரே தபெர்னாகுலி" என்று அறிவியல் பெயரே சூட்டினார். கூடாரத்துக்குரிய கடற்கன்னி என்று பொருள்! அவருக்கு அவ்வளவு நிச்சயம். அந்தப் பெயர் இன்று அறிவியல் வழக்கில் இல்லை. ஆனால் ஆங்கிலத் திருப்புதல்களில் சீல் தோல், டால்ஃபின் தோல், கடற்பசுத் தோல் என்று வருவதெல்லாம் இந்த ஊற்றிலிருந்து வந்தவைதான்.

கடற்பசுவுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது, செதிளும் செட்டையும் இல்லாத கடல் பிராணி லேவியராகமம் 11இன்படி அருவருப்பு, அதன் தோலைப் பரிசுத்த ஸ்தலத்தின்மேல் போடுவார்களா என்பது. எனக்கு இந்த வாதம் அவ்வளவு பிடிப்பதில்லை. அந்தச் சட்டம் முக்கியமாகத் தின்பதைப் பற்றியது. பரிசுத்த வேலைக்குச் சுத்தமான மிருகத்தின் தோல் மட்டுமே ஏற்றது என்ற விதி தல்மூதில் தெளிவாக வருகிறது; மோசேயின் நூல்களில் அப்படி ஒரு வரி இல்லை. என்னைத் தயங்கவைப்பது வேறொன்று. தகசு மழைக்கும் புழுதிக்கும் தாங்கும் முரட்டுத் தோல் என்பதுதான் இந்தக் கட்சியின் அடிப்படை. எண்ணாகமம் 4இல் பாளயம் புறப்படும்போது பணிமுட்டுகளை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லியிருப்பதைப் பாருங்கள். சமுகத்தப்ப மேஜைக்குச் சிவப்புத் துப்பட்டி, அதன்மேல் தகசு. பலிபீடத்துக்கு இரத்தாம்பரத் துப்பட்டி, அதன்மேல் தகசு. குத்துவிளக்குக்கும் தகசுதான் வெளியுறை. ஆனால் எல்லாவற்றிலும் மேலான உடன்படிக்கைப் பெட்டிக்கு வரிசை மாறுகிறது: முதலில் திரைச்சீலை, அதன்மேல் தகசு, அதற்கும் மேலே முழுவதும் நீலத் துப்பட்டி. பெட்டியில் மட்டும் துணி வெளியே இருக்கிறது. தகசு மழைச்சட்டை மாதிரி மட்டுமே பயன்பட்டிருந்தால் இந்த இடம் உதைக்கும்.

இனி எசேக்கியேல் 16:10. இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமான சாட்சி இதுதான். எருசலேமை, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பெண்குழந்தையாக உருவகிக்கும் அதிகாரம் அது. கர்த்தர் அவளை எடுத்து வளர்த்து, மணப்பெண்ணாக அலங்கரிக்கிறார். பூவேலை செய்த ஆடை, மெல்லிய புடவை, பட்டுச் சால்வை, கடகம், மூக்குத்தி, காதணி, கிரீடம் என்று வரிசை போகிறது. அந்த வரிசையில்தான் "தஹஷால் உனக்குச் செருப்பு அணிவித்தேன்" என்று வருகிறது. தோல் என்ற சொல்கூட இல்லை, வெறும் தஹஷ். கேட்டவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. பட்டும் பொன்னும் போட்ட மணப்பெண்ணின் காலில் பார்க்கச் சகிக்காத தோலை யாரும் மாட்டமாட்டார்கள். தஹஷ் எதுவாக இருந்தாலும், விலையுயர்ந்த அலங்காரப் பொருள் என்பது இந்த வசனத்தால் உறுதி. "வெளியே அழகில்லாத தோல்" என்ற பிரசங்கக் குறிப்புக்கு எபிரேயத்தில் இடமில்லை. கிறிஸ்துவுக்கு அழகுமில்லை சௌந்தரியமுமில்லை என்பதற்கு ஏசாயா 53 இருக்கிறது. போதகர் அதைத் தாராளமாகப் பிரசங்கிக்கட்டும், தகசுவின் தலையில் அதைக் கட்டவேண்டியதில்லை.

இந்த வசனத்தை நம் பழைய திருப்புதலில் எடுத்துப் பாருங்கள். யாத்திராகமத்தில் தகசு என்று மிருகப்பெயர் போல ஒலிபெயர்த்த அதே வேதாகமம், இங்கே "சாயந்தீர்ந்த பாதரட்சைகள்" என்று சொல்கிறது. தகசு காணாமல் போய்ச் சாயம் வந்துவிட்டது. இரண்டு கட்சியும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன! அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மிருகப் பெயர்களுக்குப் பயந்தவர்களும் இல்லை. உபாகமம் 14:5இல் புரியாத எபிரேயப் பெயர்களுக்கு வரையாடு, சருகுமான், புல்வாய் என்று நம் காட்டு விலங்குகளையே துணிந்து போட்டிருக்கிறார்கள். சருகுமான் பாலஸ்தீனத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. அவ்வளவு துணிச்சல்காரர்கள் தகசுவில் மட்டும் கையை எடுத்து எபிரேய ஒலியையே வைத்துவிட்டார்கள். எனக்கு அது நேர்மையான முடிவாகப் படுகிறது.

சாயத்தின் பக்கம் புதிய வெளிச்சம் மெசொப்பொத்தாமியாவிலிருந்து வந்தது. அக்காடியத்தில் "துஷூ" என்றொரு சொல். முதலில் அது நிறத்துக்குப் பெயர்போன ஒரு கல். பிறகு அந்தக் கல்லின் நிறத்தில் பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோலுக்கும் அதுவே பெயர். அந்தத் தோல் ஆட்டுத்தோல்தான், செம்மறியும் வெள்ளாடும். அதில் செருப்பு செய்தார்கள், குதிரைச் சேணத்துக்கும் வண்டிக்கும் வார் செய்தார்கள். கிர்கூக் அருகே நூசி என்ற ஊரில் கிடைத்த கி.மு. 2ஆம் ஆயிரத்துப் பலகைகளில் இந்தச் சொல் நடுவில் ககர ஒலியோடு, "துக்ஷி" என்பது போன்ற வடிவத்தில் வருகிறது. அங்கே பேசப்பட்ட ஹுர்ரிய மொழியில் தகரத்துக்கும் அதன் மெல்லோசைக்கும் பொருள் வேறுபாடு கிடையாது, தமிழைப் போலவே. அதனால் அக்காடியத்தின் மெல்லோசைத் தகரம் எபிரேயத்தில் வல்லோசையாக வந்ததற்கும் வழி கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்டெஃபனி டாலி என்ற அசீரியவியல் அறிஞர் இதை விரிவாக எடுத்து எழுதினார். இது வெறும் சாயத்தோல் இல்லை, மணிகள் கோத்துத் தைத்த அலங்காரத் தோல்வேலை என்பது அவர் கருத்து. மணிவேலை வரைக்கும் போக எனக்குத் துணிவில்லை. ஆனால் கேபார் நதியோரம் பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல், அந்த நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் செருப்புக்குப் பேர்போன ஒரு தோலின் பெயரைச் செருப்புக்கே பயன்படுத்துகிறார் என்பதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

நிறத்தின் பெயர் எப்படி மிருகமாகும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் ஊர் ஜவுளிக்கடையில் மயில்கழுத்துச் சேலை என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டாயிரம் ஆண்டு கழித்து மொழி மறந்த ஒருவன் அந்த ரசீதை வாசித்தால், எத்தனை மயிலைக் கொன்று ஒரு சேலை நெய்தார்கள் என்று கணக்குப் போட உட்காருவான்.

எதிர்க்கட்சியின் நல்ல வாதத்தையும் மறைக்கக் கூடாது. யாத்திராகமத்தில் "தஹஷ் தோல்கள்" என்று ஒருமையில் இல்லை, "தெஹஷீம் தோல்கள்" என்று பன்மையில் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் "ஆட்டுக்கடாக்களின் தோல்கள்" என்ற தொடரின் அச்சிலேயே வார்த்தது போல. நிறத்தின் பெயரை யாராவது பன்மையாக்குவார்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எபிரேயத்தில் முதல் சொல் பன்மையானால் அதை ஒட்டிவரும் இரண்டாம் சொல்லும் பன்மையாவது உண்டு. எடுத்துக்காட்டுக்குத் தூரம் போகவேண்டாம், அதே வசனத்தில் இருக்கிறது: "சீத்திம் மரம்". ஒருமை ஷித்தா, மரங்கள் என்றதும் அது ஷித்தீம் ஆகிவிட்டது. எண்ணாகமத்தில் ஒரே தோலைச் சொல்லும்போது "தஹஷ் தோல்" என்று ஒருமை வருவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆகப் பன்மை வடிவம் மிருகக் கட்சிக்கு ஓரளவு உதவுகிறது, வழக்கை முடித்துவைக்கவில்லை. எகிப்திய மொழியில் தோலை இழுத்துப் பதப்படுத்துவதைக் குறிக்கும், இதற்கு நெருக்கமான ஒலியுள்ள ஒரு வினை உண்டு. தஹஷ் அதிலிருந்து வந்தது, பொருள் வெறுமனே "பதனிட்ட நல்ல தோல்" என்போரும் இருக்கிறார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்களின் கதைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அது நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாததால், பழைய கிரேக்க, லத்தீன் சாட்சிகள் அந்தரத்தில் தொங்குகின்றன.

இந்த வாதங்கள் நகர்ந்த விதத்தை ஆங்கில என்.ஐ.வி. திருப்புதலிலேயே பார்க்கலாம். 1978 பதிப்பில் கடற்பசுத் தோல்; 2011 பதிப்பில் கடற்பசு போய், "நீடித்து உழைக்கும் வேறொரு வகைத் தோல்" என்று வந்துவிட்டது. 1952இன் ஆர்.எஸ்.வி. வெள்ளாட்டுத்தோல் என்றது, 1989இல் திருத்தப்பட்டபோது "உயர்ந்த தோல்" ஆனது. உங்கள் மேஜையில் இருக்கும் வேதாகமங்கள் ஒன்றோடொன்று சண்டைபோடுவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொன்றும் தன் காலத்தில் மேலோங்கியிருந்த கருத்தை எழுதியிருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், தஹஷ் பெரும்பாலும் மிருகத்தின் பெயர் இல்லை. சாயம் ஏற்றிய உயர்ரக ஆட்டுத்தோலின் பெயர். கடற்பசுவுக்கு இரண்டாம் இடம் கொடுப்பேன், அதை முற்றிலும் தள்ளமாட்டேன். பேட்ஜரைத் தள்ளிவிடலாம். ஒற்றைக்கொம்பு மிருகத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம், அவர்களுக்குப் பிடிக்கும். இடையில் ஒரு வேண்டுகோள்: தகசு என்பது "தகதக" என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். சாலொமோனின் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேயத்தில் இருக்கும் "துக்கி" என்ற பெயரைக் கால்டுவெல் தோகையோடு இணைத்தது வேறு விஷயம். அங்கே கப்பல், தந்தம், குரங்கு என்று வணிகப் பின்னணி இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

மாதிரிக்கு என்ன செய்வது? கறுப்போ சாம்பலோ வேண்டாம். நிறத்தில்கூடச் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. கிரேக்கமும் லத்தீனும் நீலம், ஊதா என்கின்றன. துஷூ கல்லை மஞ்சள் சார்ந்த நிறம் என்போரும் உண்டு, நீலப்பச்சை என்போரும் உண்டு. நானாக இருந்தால் பழைய மொழிபெயர்ப்புகளைப் பின்பற்றி, நீலம் ஏறிய ஊதாவில் மெல்லிய ஆட்டுத்தோலோ ரெக்சினோ வாங்கிப் போர்த்துவேன். அடியில் இருக்கும் சிவப்புத்தீர்ந்த ஆட்டுக்கடாத் தோல் ஓரத்தில் கொஞ்சம் தெரியும்படி விடுங்கள். பெயர்ச்சீட்டில் தகசுத்தோல் என்றே எழுதலாம், பக்கத்தில் எசேக்கியேல் 16:10 என்று குறிப்புப் போட்டு.

ஆதியாகமம் 22:24இல் நாகோருக்கு ரேயுமாள் பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்கும் எபிரேயத்தில் இதே எழுத்துகள்தான் பெயர். இதை மிருகக் கட்சியார் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. ராகேல் என்றால் பெண்ணாடு, யோனா என்றால் புறா, தெபோராள் என்றால் தேனீ. ஆகவே தஹஷும் பிராணியாகத்தான் இருக்கவேண்டும் என்பார்கள். எபிரேயர் பிள்ளைகளுக்கு மிருகப் பெயர் மட்டுமே வைக்கவில்லை. தாமார் பேரீச்சமரம், பெனின்னாள் பவளமோ முத்தோ என்பார்கள். அதுவும் போக, நாகோரின் குடும்பம் அரமேய நாட்டில் இருந்தது; அந்தப் பெயர் வேறொரு மொழியின் வேறொரு சொல்லாகவும் இருக்கலாம். அந்த வசனத்தை எந்தக் கட்சியின் கணக்கிலும் நான் வரவு வைப்பதில்லை.